ஓட வெச்சா போதுமா? நிக்கவும் வைக்கணும்ல!

கரும்பு வெட்டு, பலாப்பழ சீசன், முந்திரி லோடுன்னு எங்க வடலூர் நாலுமுனை சந்திப்பு வருசம் பூரா ஓயாது. கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, சேத்தியாத்தோப்புன்னு நாலு பக்கமும் வண்டி போகுது. தைப்பூசம் வந்தா சத்திய ஞான சபைக்கு வர்ற ஜனம் வேற. இந்தக் கூட்டத்துக்குள்ளதான் எஞ்சின் மாத்தின பழைய லோடு வண்டிகளும் ஓடுது. வண்டி எவ்வளவு இழுக்கும்னு எல்லாரும் பேசுறாங்க. எவ்வளவு தூரத்துல நிக்கும்னு கேக்குற ஆளு குறைவு. என் சண்டை அதைப் பத்திதான்.

பெட்ரோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் ஏத்துறது நம்ம நாட்டுல பழைய பழக்கம். ராணுவ ஏலத்துல வந்த ஜோங்கா, நிசான் ஒரு டன் வண்டியெல்லாம் நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஊத்திக் கட்டுப்படி ஆகாதுன்னு வாங்கினவங்க டீசலுக்கு மாத்தினாங்க. விவசாயிக்கு அது தப்பாத் தெரியாது. டீசல் செலவு குறையும், இழுவை கூடும். ஆனா எஞ்சின் மாறினா பிரேக்கும் மாறிப் போகுதுன்னு பட்டறையில யாரும் சொல்றதில்ல.

பட்டணத்து வாசகர்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். பவர் பிரேக்குல பூஸ்டர்னு ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே ரப்பர் திரை. ஒரு பக்கம் காத்தை உறிஞ்சி எடுத்துட்டா, மறுபக்கம் வெளிக்காத்து வந்து திரையைத் தள்ளும். அந்தத் தள்ளுதான் நம்ம காலுக்கு ஒத்தாசை. 9 அங்குலத் திரைன்னா பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். மூணுல ரெண்டு பங்கு காத்தை உறிஞ்சினாலே 250 கிலோவுக்கு மேல தள்ளும். கிணத்து மோட்டார் தண்ணி எடுக்கறதும் இதே கணக்குதான். மோட்டார் உறிஞ்சுது, வெளிக்காத்து தண்ணியை மேல தள்ளுது. ஃபுட்வால்வு ஒழுகினாலோ, குழாயில காத்து பிடிச்சாலோ தண்ணி வராது.

பெட்ரோல் எஞ்சின்ல காத்து போற வழியை ஒரு தகடு அடைச்சு நிக்கும். அதனால எஞ்சினே உறிஞ்சும். பூஸ்டருக்குத் தனி பம்பு வேண்டாம். டீசல்ல பெரும்பாலும் அந்தத் தகடு கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. அதுக்குத்தான் கம்பெனி டீசல் வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் முதுகுலயோ எஞ்சின்லயோ வாக்குவம் பம்பு வெச்சு அனுப்புறாங்க. எஞ்சின் மாத்துற பட்டறையில அதை விட்டுட்டா, பழைய பூஸ்டர் சும்மா தொங்கும். பிரேக் கல்லு மாதிரி இருக்கும். போதாததுக்கு டீசல் எஞ்சின் கனம் கூட. இழுக்குதேன்னு லோடும் கூட ஏத்துவோம். 40 கிலோமீட்டர் வேகத்துல போன வண்டி 60-ல போனா, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ரெண்டேகால் மடங்கு ஆகுது.

சோதிக்கறது சுலபம். எஞ்சினை நிறுத்திட்டு பிரேக்கை அஞ்சாறு தடவை மிதிங்க. கடைசியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. கால் லேசா கீழே இறங்கினா பூஸ்டருக்கு உறிஞ்சல் வருது. இறங்கலைன்னா பம்பு, ஓஸ், ஒன்வே வால்வு, பூஸ்டர் திரைன்னு வரிசையாப் பாருங்க. ஓஸ் வாக்குவத்துக்குன்னே செஞ்ச கெட்டி ஓஸா இருக்கணும். சாதா ரப்பர் குழாய் உறிஞ்சின உடனே சப்பிப் போகும். பம்புக்கு எஞ்சின் ஆயில் வருதான்னும் பாருங்க, வரலைன்னா சீக்கிரம் தேஞ்சுடும். கல்லா இல்லாம பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற வியாதி. லைன்ல காத்து, இல்ல மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு லைனிங்கை மட்டும் மாத்திக் காசைக் கரைக்காதீங்க.

இறக்கத்துல எஞ்சினை அணைச்சு உருட்டுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எஞ்சின் நின்னா பம்பும் நிக்கும். டப்பாவுல மிச்சம் இருக்கறது ரெண்டு மூணு மிதிக்குத்தான்.

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிச்சு. ஆனா ஏற்கெனவே மாத்தின வண்டிங்க வயக்காட்டுப் பாதையில ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. 'சட்டவிரோதம்'னு சொல்லிட்டு நகந்துட்டா அதுக்கு பிரேக் வந்துடாது. புது வண்டி வாங்க வழியில்லாதவன்தான் அதை வெச்சிருக்கான். நீங்க கோயம்பேட்டுல வாங்குற பலாவுல ஒண்ணு ரெண்டு அதுல ஏறி வந்திருக்கலாம்.

என் கருத்து இதுதான். எஃப்.சி.க்கு வர்ற சரக்கு வண்டியைக் காலியா மட்டும் ஓட்டிப் பாத்து அனுப்பக் கூடாது, லோடு ஏத்தி நிறுத்திப் பாக்கணும். பூஸ்டர் இருந்த வண்டியை வாக்குவம் பம்பு இல்லாம எந்த மெக்கானிக்கும் வெளியே விடக் கூடாது. எஞ்சினுக்கு ஆகிற செலவுல பம்புக்கு ஆகிறது சின்னப் பங்கு. அந்தக் காசை மிச்சம் பிடிக்கறதுக்குப் பேரு சிக்கனம் இல்ல. ரோட்டோரம் சைக்கிள்ல போற பள்ளிக்கூடத்துப் புள்ள தலையில நம்ம கடனை ஏத்தி வைக்கறது.