அரிய பறவையும் நிழற்படமும்

காண்டற்கு அரியதைக் காணும் வேட்கை மக்கட்கு இயல்பு. கண்டதைப் பிறர்க்குக் காட்டும் விருப்பமும் அதனோடு உடன்பிறந்ததாகும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தது பறவைகளை நிழற்படம் எடுக்கும் கலை. எனினும், அரிய பறவையைப் படம் எடுக்கப் புகுவோன் முதற்கண் கற்க வேண்டுவது கருவியைக் கையாளும் திறனன்று. தன்னை அடக்கும் திறனேயாகும். வட அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பைன் காடுகளில் இனம் பெருக்கும் கிர்ட்லண்டு என்னும் பாடுபறவையின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இப்பறவை சிட்டுக்குருவியினும் சிறியது; ஏறக்குறைய 14 கிராம் எடையுள்ளது. முதுகு நீலங்கலந்த சாம்பல் நிறமாகவும், மார்பு மஞ்சளாகவும் விளங்கும். குளிர்காலத்தைப் பகாமாத் தீவுகளில் கழித்து, மே மாதத்தில் வடக்கே வரும். எல்லாப் பைன் காடும் இதற்கு ஏற்றதன்று. ஜாக் பைன் என்னும் மரம், அதுவும் ஏறக்குறைய 5 முதல் 20 ஆண்டு வளர்ந்த இளமரமே வேண்டும். அம்மரத்தின் தாழ்ந்த கிளைகள் மறைவளிக்க, அதனடியில் தரையிலேயே இது கூடு கட்டும். மரம் ஓங்கிக் கீழ்க்கிளைகள் பட்டுவிடின், அக்காட்டை நீத்துச் செல்லும்.

ஜாக் பைனின் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். காட்டுத்தீயின் வெம்மையாலேயே பெரும்பாலும் விரிந்து விதை சிந்தும். மக்கள் தீயை அடக்கவே, இளங்காடு அருகியது. குயிலைப் போலப் பிறர் கூட்டில் முட்டையிடும் பறவையொன்றும் இதன் கூடுகளைக் கெடுத்தது. 1987 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாடும் ஆண் பறவைகள் 167 மட்டுமே காணப்பட்டன. பைன் கன்றுகளை நட்டும், கூடு கெடுக்கும் பறவையைக் கட்டுப்படுத்தியும் அறிஞர்கள் பன்னெடுங்காலம் உழைத்தனர். அதன் பயனாக, 2019 ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து இது நீக்கப்பெற்றது.

இத்துணை அருமையாகக் காக்கப்பெற்ற பறவையைக் காண்பது எங்ஙனம்? கண்ணினும் செவியே இங்குத் துணை. வைகறையில் ஆண் பறவை இளமரத்தின் உச்சியிலமர்ந்து உரத்துப் பாடும். பாதையில் அசையாது நின்று அவ்வொலியைப் பின்பற்றி நோக்குவோன் அதனைக் காண்பான். தொலைவிலுள்ளதை அணுக்கமாகக் காட்டும் வில்லை கொண்டு படமும் எடுப்பான்.

பொறுமையற்றோரோ பதிவு செய்த பாட்டை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பர். பகைவன் வந்தானென மயங்கும் அப்பறவை, இரை தேடுதலை விடுத்து வீண்போரில் இளைக்கும். வேறு சிலர் கிளைகளை விலக்கிக் கூட்டையே படம் எடுக்க முயல்வர். கூடு தரையில் மறைந்திருத்தலின், பாதையைவிட்டு வைக்கும் ஓரடியே குஞ்சுகளின் உயிரை மாய்த்தல் கூடும்.

“அணுகி எடுத்த படமன்றோ மக்களின் உள்ளத்தைக் கவரும்? அதனால் பறவைக்கும் நன்மையன்றோ?” எனச் சிலர் வினவுவர். படத்தால் அன்பு வளரும் என்பது மெய்யே. ஆயினும், அன்பை வளர்க்கும் பொருட்டு அன்பிற்குரியதை வருத்துதல் விளக்கேற்றுதற்பொருட்டு வீட்டைக் கொளுத்துதல் போலாம். கூடு கட்டுங் காலத்தில் அக்காடுகளின் சில பகுதிகளில் மக்கள் புகாவண்ணம் தடை செய்திருப்பதும் இதுபற்றியே.

படம் மங்கலாயின் மற்றொரு நாள் எடுக்கலாம். கலைந்த கூட்டை மீண்டும் அமைத்துத் தர மனிதனால் இயலாது. பறவை தன் பாட்டை நிறுத்தாதிருக்க எடுத்த படமே நற்படம். வெறுங்கையுடன் திரும்ப அறிந்தவனே அக்கலையில் வல்லவன்.