வழித்துணையாக ஒரு நாய்

சரவணம்பட்டியில் வாழும் ஒரு தாயார் சென்ற மாதம் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன் ஒரு சிப்பிப்பாறை நாயை வளர்க்கிறான். அதனுடன் நெடுந்தொலைவு நடப்பதில் அவனுக்கு அளவற்ற ஆசை. விடுமுறையில் வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது கடற்கரை வழியாகவும், அங்கிருந்து கோடியக்கரைச் சதுப்பிலும், திரும்பி வந்தபின் ஆனைமலைக் காட்டிலும் நாயோடு நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் வழிப்படமே வரைந்து வைத்திருக்கிறானாம். பையனின் அப்பாரு இதற்கு உடன்படவில்லை. "வேதத்தில் நாய்க்கு என்ன மரியாதை இருக்கிறது? அதற்குப் போடும் காசை ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால் புண்ணியமாவது உண்டு" என்கிறார். பேரனும் அப்பாரும் பேசிப் பத்து நாள் ஆகிறது. "மாமாவின் சொல்லைத் தட்டவும் முடியவில்லை, மகனின் வாடிய முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார் அத்தாயார்.

பெரியவர் வேதம் அறியாமல் பேசவில்லை. விவிலியத்தில் நாய் பெரும்பாலும் தெருவில் திரியும் இழிந்த பிராணியாகவே வருகிறது. ஒருவன் தன்னையே தாழ்த்திக்கொள்ள வேண்டுமானால் செத்த நாய்க்குத் தன்னை ஒப்பிட்டான். எனினும் தோபித்து நூலை அவர் ஒருமுறை எடுத்து வாசிப்பாராக. பார்வையிழந்த தந்தை, மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கி வருமாறு மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் அதிதூதர் இரபேல். அவர் யார் என்பது வீட்டார் எவருக்கும் தெரியாது. அவ்விருவரோடும் நாயும் புறப்படுகிறது. ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில் ஒருமுறை, பதினொன்றாம் அதிகாரத்தில் வீடு திரும்புகையில் மற்றொருமுறை. அவ்வளவே அதைப் பற்றிய பேச்சு. ஆற்றங்கரையில் பெரிய மீன் துள்ளித் தோபியாவின் காலைக் கவ்வ வந்தபோது அந்நாய் குரைத்ததாகக்கூட எழுதப்படவில்லை. அது அற்புதம் எதுவும் செய்யவில்லை. உடன் நடந்தது, உடன் திரும்பியது. புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டும், நாய் முன்னே ஓடிவந்து வாலைக் குழைத்துத் தன் மகிழ்ச்சியைக் காட்டியதாக ஒரு வரி கூடுதலாக உண்டு. அவ்வரி மூலத்தில் இருந்ததா என்று அறிஞர்கள் ஆராயட்டும். நாய் வளர்த்தவர் எவரும் அதை ஐயுற மாட்டார்.

செல்வனின் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவையும் நாய்களே. 14-ஆம் நூற்றாண்டில் உரோமைக்குக் கால்நடையாகத் திருப்பயணம் சென்ற புனித ரோக், கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்தபோது, ஒரு நாய் நாள்தோறும் அவருக்கு அப்பம் கொண்டுவந்து கொடுத்ததாகத் திருச்சபையின் மரபு கூறுகிறது. துரின் நகரின் இருண்ட வழிகளில் தொன் போஸ்கோவுக்குத் துணையாக வந்து, கொலைஞரிடமிருந்து அவரைக் காத்த சாம்பல் நிற நாயின் கதையை நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பர். நம் மண்ணிலும் குறைவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கோவிவன் என்பது அதன் பெயர். இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பது அதன் பெருமை. அரசர் பலரின் பெயரே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

அண்மைக் காலச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில், திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்து சென்ற 13 ஐயப்ப பக்தர்களைத் தெருநாய் ஒன்று தானாகவே பின்தொடர்ந்தது. சுமார் 480 கிலோமீட்டர் தூரம், கர்நாடகத்துச் சிக்கமகளூர் வட்டாரம் வரை அது வந்துவிட்டதைச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. வழியில் அதன் கால்களில் புண் உண்டானபோது பக்தர்கள் மருத்துவரிடம் காட்டி, மீண்டும் அழைத்துச் சென்றனர். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களும் இத்தகைய நாய்களை அறிவார்கள்.

ஆகவே நாயோடு நடக்க விரும்பும் பையனிடம் குற்றம் காண்பதற்கில்லை. செலவைப் பற்றிப் பெரியவர் சொல்வதை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு விலங்குகளைப் பற்றி மூன்று பத்திகள் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மீது கொட்டுவதும் தகாது என்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குள் குளிரூட்டும் இயந்திரம் வைத்து, பனிநாட்டு நாயை எண்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி வளர்ப்பவருக்கு இரண்டாவது வாக்கியம் உறைக்கட்டும். நம் நாட்டு நாய்க்கு வீட்டுச் சோறும் ஆண்டுக்குச் சில ஊசிகளும் போதும். பையன் தன் சேமிப்பிலிருந்து ஒரு பங்கைத் தவக்கால உண்டியலுக்கு ஒதுக்கினால் அப்பாருவின் வாயும் அடங்கும் என்பது என் கணிப்பு.

இனி வழிப்படத்துக்கு வருவோம். அதில்தான் எனக்குத் தயக்கம்.

முதலில் காடு. புலிகள் காப்பகங்களுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் வளர்ப்பு நாயை வனத்துறையினர் விடுவதில்லை. ஆனைமலையும் சத்தியமங்கலமும் அத்தகைய காப்பகங்களே. இது அதிகாரிகளின் பிடிவாதமன்று. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. யானையைக் கண்டு குரைக்கும் நாய், யானை துரத்தியதும் ஓடி ஒளிவது எசமானனின் காலடியில்தான். பின்னாலேயே யானையும் வரும். இவற்றினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. டிஸ்டெம்பர் என்னும் நாய்க் காய்ச்சல் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. சுற்றுப்புறக் கிராமத்து நாய்களிடமிருந்தே அந்நோய் சென்றதாக ஆய்வாளர் கண்டனர். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோதும் அதே நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. நம் காடுகளில் செந்நாய்கள் கூட்டமாய் வாழ்கின்றன. அவை நம் வீட்டு நாய்க்கு உறவின. அதன் நோய் அவற்றையும் பற்றும்.

கடற்கரையைப் பற்றிப் பையன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சனவரி தொடங்கிப் பங்குனி வரை சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. நாகப்பட்டினக் கரையும் இதில் அடங்கும். மனிதக் கண்ணுக்கு மணல் மேடாகத் தோன்றுவது நாயின் மூக்குக்குத் தப்பாது. கால் மணி நேரத்தில் ஒரு தாய் ஆமையின் உழைப்பு முழுவதும் தோண்டி எறியப்பட்டுவிடும். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கோடியக்கரையோ 1967 முதல் சரணாலயம். 2002 முதல் உலகு தழுவிய ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பூநாரைகள் சேற்றுநீரில் இரை தேடி, நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நாய் ஒன்று விளையாட்டாகப் பாய்ந்தால் ஆயிரம் பறவைகள் எழும்பும். காண்பதற்கு அழகுதான், ஆனால் எழும்பும் ஒவ்வொரு முறையும் அவை சேர்த்துவைத்த வலிமை வீணாகிறது. வெளிமான் தன் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயச் செல்லும். அக்குட்டி ஓடாது, அசையாது; மோப்பம் பிடித்து வரும் நாய்க்கு அதனால் எளிதாகிவிடும்.

எனவே, மகனே, கடலுக்கும் சதுப்புக்கும் காட்டுக்கும் நீ மட்டும் போ. நாய் வீட்டில் இருக்கட்டும். நாய் தன் இயல்பின்படி நடந்துகொள்ளும், அதனிடம் குற்றமில்லை. எந்த நிலத்துக்கு அதை அழைத்துச் செல்லலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியவன் நீ. ரயிலில் காவலர் பெட்டிக் கூண்டுக்குள் இரவெல்லாம் அடைபட்டு வர அதற்கும் விருப்பம் இராது.

கொங்கு நாட்டவருக்கு இதை விளக்க ஆமையும் பூநாரையும் தேவையில்லை. பட்டி என்னும் சொல் ஆடுகளை அடைக்கும் இடத்தையும் குறிக்கும், சிற்றூரையும் குறிக்கும். (பாலக்காட்டைத் தாண்டிவிட்டால் அதே சொல் நாயைக் குறிக்கும் என்பது வேடிக்கை.) கிளுவை வேலியிட்ட கொரங்காட்டில் செம்மறிகளைப் பட்டியில் அடைத்துவிட்டு நாயைக் காவலுக்கு நிறுத்தியவர்கள் நம் முன்னோர். அண்மை ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதால், இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர் போராட நேர்ந்தது. கட்டறுத்துவிடப்பட்ட நாயின் கதை அதுதான். சலித்துப்போய் வளர்ப்பு நாயைப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுச் செல்வோர் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

மற்றொன்று, வெறிநோய். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய்க்கடியால் வருவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டதே இந்நோயின் பொருட்டு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோர் அஞ்சிய மருந்து 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது தோளில் நான்கைந்து ஊசிகளே. கடிபட்டாலோ கீறல் பட்டாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும். டிஸ்டெம்பருக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எங்குதான் நடப்பது? சரவணம்பட்டிக்கு அருகிலேயே சின்னவேடம்பட்டி ஏரி இருக்கிறது. ஏறக்குறைய 200 ஏக்கர் பரப்பு. குருடி மலைப் பக்கத்திலிருந்து வர வேண்டிய நீர் வராமல் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. தன்னார்வலர்கள் சீமைக் கருவேலத்தை அகற்றி, வாய்க்காலைச் சீர்செய்து, மரக்கன்றுகள் நட்டனர். அப்பாருவையும் உடன் அழைத்துச் செல்க. எந்த வாய்க்கால் எங்கிருந்து வந்தது, கௌசிகா நதியில் வெள்ளம் ஓடியதை யார் கண்டார்கள் என்று அவர் வயதினர் சொன்னால்தான் உண்டு. இருவரும் பேசுவதற்கும் ஒரு பொருள் கிடைக்கும்.

சூன் தொடங்கி ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுவதால் மாலையிலும் நடக்கலாம். சித்திரை, வைகாசியில் கதிரவன் எழுமுன் திரும்பிவிட வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைச் சற்று நேரம் வைக்க இயலாவிடில் அதன் பாதமும் வேகும். குடிநீரும் ஒரு கிண்ணமும் கொண்டு செல்க. வீடு திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்து எடுக்க வேண்டும்.

கயிற்றை மட்டும் எக்காரணத்தாலும் அவிழ்க்க வேண்டாம். சிப்பிப்பாறை கண்ணால் கண்டு துரத்தும் முயல்வேட்டை நாய். ஓடத் தொடங்கியபின் கூப்பிட்டால் திரும்பாது. முயலையோ உடும்பையோ மயிலையோ அது பிடித்துவிட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதில் சொல்ல வேண்டியவர் அதை வளர்ப்பவரே. மயில் தரையில்தான் முட்டையிடும். ஆள்காட்டிப் பறவைக்குக் கூடே கிடையாது. வெறும் கல்தரையில் நான்கு முட்டைகள், கல்லோடு கல்லாக. மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை அதற்கு அடைகாக்கும் காலம். வெயில் ஏறினால் அது நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாயோடு நாம் அங்கே நின்று கொண்டிருந்தால் அது திரும்பி வந்து அமராது. முட்டைகள் வெயிலில் கிடக்கும். தலைக்கு மேல் வட்டமிட்டு அது கத்தத் தொடங்கியதும் நாயைக் கையருகே இழுத்துக்கொண்டு, கரையின் மறுபக்கமாக இறங்கி நடக்க வேண்டும். நூறடி தள்ளிச் சென்றதும் கத்தல் நின்றுவிடும்.