கிட் வாங்கிக் கட்டினால் அது கப்பல் இல்லையா?

ஒரு பெட்டி. உள்ளே வெட்டி வைத்த பிளைவுட் சட்டங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டைகள், பொட்டலத்தில் குட்டி குட்டி பீரங்கிகள், நூல்கண்டுகள், விரித்தால் மேஜையை மூடும் வரைபடங்கள். இதை வைத்துக்கொண்டு ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு 18ஆம் நூற்றாண்டுப் பாய்மரப் போர்க்கப்பலை மேஜை மேல் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்.

ஒன்று, "இத்தனை வயசாகியும் பொம்மை விளையாட்டா?"

இரண்டு, "ஓ... கிட்டா? அப்போ எல்லாம் ரெடிமேட்தானே!"

முதல் கேள்வியைத் தள்ளிவிடலாம். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதும் சீரியல் பார்ப்பதும் மட்டும் வயசுக்கேற்ற வேலையா என்ன? இரண்டாவது கேள்விதான் உறுத்தும். காரணம், அதைக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். இந்தப் பொழுதுபோக்குக்கு உள்ளேயே ஒரு மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. வெறும் மரக்கட்டையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் தானே அறுத்து இழைத்துச் செய்பவர் மேலே. பெட்டி வாங்கிக் கட்டுபவர் கீழே. இந்தப் பிரிவு நியாயமானதுதானா?

மேல்தட்டுக்காரர்களின் பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்துக் கடற்படைக்கு அற்புதமான மாதிரிக் கப்பல்கள் செய்து கொடுத்தார்கள். நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள், இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் தங்கள் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல் செய்து விற்றார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1:48 அளவு 'விக்டரி' மாதிரியைக் கட்டிய லாங்ரிட்ஜ், அதை எப்படிக் கட்டினார் என்று 1955இல் ஒரு புத்தகமே எழுதினார். இவர்கள் யாரும் பெட்டி வாங்கவில்லை. ஒத்துக்கொள்வோம்.

ஆனால் பெட்டிக்குள் கப்பல் இருக்கிறதா? அங்கேதான் விஷயம்.

முதல் வேலை எளிது. ஏரா எனப்படும் நடு அடிமரத்தில் குறுக்குச் சட்டங்களைச் செருகி ஒட்டினால் மீன்முள் மாதிரி ஒரு உருவம் வந்துவிடும். ஒரு வார இறுதி போதும். "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். அடுத்து அந்தச் சட்டங்களின் விளிம்புகளை உப்புத்தாள் வைத்துச் சரிவாகத் தேய்க்க வேண்டும். எவ்வளவு சரிவு என்று வரைபடம் ஓரளவுக்குத்தான் சொல்லும். மரப்பட்டை ஒன்றை மேலே வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் கப்பலின் முகம், அதாவது அணியம், ஒரு பக்கம் வீங்கியும் ஒரு பக்கம் ஒட்டியும் நிற்கும். பிறகு எந்தப் பட்டியும் பெயின்ட்டும் காப்பாற்றாது.

அப்புறம் பலகை பதிப்பது. நடுவயிற்றில் கப்பலின் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஆனால் பெட்டியில் வரும் பட்டைகளோ ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே அகலம். ஒவ்வொன்றையும் அளந்து, முனையில் கூராக இழைத்து, தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, வெள்ளைப் பசை தடவி, துணி கிளிப் போட்டுப் பிடித்துவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பட்டை, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒரே பக்கம் அடுக்கினால் ஏரா முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலான கிட்டுகளில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும்: உள்ளே ஒரு மென்மரத் தோல், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கும் குறைவாகக்கூட இருக்கும் வால்நட் போன்ற மரத்தில் இன்னொரு தோல். ரெடிமேடாம்!

கயிற்று வேலைக்கு வருவோம். போர்ட்ஸ்மவுத்தில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் அசல் விக்டரிக்கு 37 பாய்கள், சுமார் 42 கிலோமீட்டர் கயிறு. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்கான கயிற்று ஏணிகள் மட்டும் மாதிரிக் கப்பலில் ஆயிரக்கணக்கான முடிச்சு கேட்கும். ஒவ்வொன்றும் கையால் போடுவது. இழுவை கொஞ்சம் கூடினால் நேராக நிற்க வேண்டிய கயிறு இடுப்பு பிடித்த மாதிரி உள்வாங்கிவிடும். பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். இந்த முடிச்சுகளில் ஒன்றுகூடப் பெட்டியில் வராது.

சரி, உழைப்பு இருக்கிறது, யோசனை இருக்கிறதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நிறத்தையே எடுத்துக்கொள்வோம். விக்டரி என்றால் கறுப்பும் மஞ்சளும் என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். பழைய கிட்டுகளின் படங்களிலும் அப்படித்தான். ஆனால் கப்பலின் பழைய பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்துவிட்டு 2015இல் அசல் கப்பலுக்கே நிறம் மாற்றினார்கள். 1805இல் அது பளிச் மஞ்சளாக இல்லாமல், லேசான இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறமாக இருந்ததாம். சுவீடனின் 'வாசா' கதையும் இப்படியே. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மூழ்கி, 1961இல் வெளியே எடுக்கப்பட்ட கப்பல். அதன் பின்பக்கச் சிற்பங்களுக்கு நீலப் பின்னணி என்றே வெகுகாலம் நினைத்தார்கள். பிறகு நடந்த ஆய்வு, அது சிவப்பு என்று காட்டியது.

இப்போது கிட் கட்டுபவர் என்ன செய்வார்? பெட்டி மேல் உள்ள படத்தையா, ஆய்வையா, எதை நம்புவார்? இந்தக் கேள்வி அவருக்குள் எழுந்த நிமிடமே அவர் வெறும் ஒட்டுவேலைக்காரர் இல்லை என்றாகிவிட்டது. கேள்வியே எழாமல் பக்கம் 1 முதல் கடைசிப் பக்கம் வரை சொன்னதைச் செய்து முடித்தவருக்கு மட்டும்தான் அந்த "ரெடிமேட்" கிண்டல் பொருந்தும். ஆக, பிரிவு கிட்டுக்கும் வெறும் மரத்துக்கும் நடுவே இல்லை, கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் நடுவே இருக்கிறது.

அதற்காகக் கிட் கட்டுபவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் பக்கமும் இரண்டு தப்பு உண்டு.

முதல் தப்பு, ஆசை. எடுத்த எடுப்பில் 104 பீரங்கி விக்டரி வேண்டும் என்பார்கள். 1:72 அளவில் அது கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம். வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்றுகூட யோசிப்பதில்லை. விலையும் நல்ல தயாரிப்பு என்றால் நம் பணத்தில் லட்சத்தைத் தொடும். ஆறு மாதத்தில் பாதி பலகை பதித்த ஒரு எலும்புக்கூடு பரண் ஏறும். அதே காசில் சிறு பங்குக்கு, 1763ஆம் வருட 'ஷெர்போர்ன்' மாதிரி ஒரே பாய்மரம் கொண்ட சின்னக் கப்பல் கிடைக்கும். பலகை, கயிறு, பீரங்கி என எல்லாப் பாடமும் அதிலும் உண்டு, முடிந்தும் போகும். முடிக்காத விக்டரியைவிட முடித்த ஷெர்போர்ன் ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது தப்பு பெரியது. மறதி. வார்னிஷ் பளபளக்க நிற்கும் இந்த அழகுப் பொருள் ஒரு கொலைக் கருவி. டிரஃபால்கர் சண்டையில், 1805 அக்டோபர் 21 அன்று, விக்டரியில் மட்டும் 57 பேர் செத்தார்கள், 102 பேர் காயம்பட்டார்கள். மேல்தளத்தில் அழகாகச் சுருட்டி ஒட்டும் அந்தக் கயிறுகளை அசலில் இழுத்தவர்களில், கரையில் வலுக்கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்களும் இருந்தார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது 'டிரிங்கோமாலி' என்ற போர்க்கப்பல். பெயரே நம் திருகோணமலைதான். கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் சிற்பிகள், முழுக்கத் தேக்கில். 1817 அக்டோபர் 12இல் கடலில் இறங்கியது. அதன் வரைபடங்கள் முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் வந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கரையருகே அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' ஜாவாவை அடித்து நொறுக்கியதில் வரைபடங்களும் போயின. மறுபடி பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த கான்ஸ்டிடியூஷனுக்கும் இன்று கிட் உண்டு!

அந்தக் காலத்துத் தேக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கடற்படைக்குத் தேக்கு குறையாமல் கிடைக்க, கேப்டன் வாட்சன் என்பவரை மலபார் காடுகளுக்குக் காப்பாளராகப் போட்டது. அவர் மரத்தின் மேல் கம்பெனியின் ஏகபோகத்தை நிறுவினார். காட்டுச் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் பொருமினார்கள். கடைசியில் 1823இல் சென்னை கவர்னர் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். ஒரு கப்பலின் வயிற்றுக்குள் இத்தனை பேருடைய காடும் வயிற்றெரிச்சலும் இருக்கின்றன.

இதெல்லாம் தெரிந்தால் கப்பல் கட்டும் ஆசையே போய்விடுமே என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஆக வேண்டியதில்லை. பீரங்கித் தளத்தின் உயரத்தை 1:72இல் அளக்கும்போதுதான், அதற்குள் நிமிர்ந்து நடக்க முடியாத ஆட்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தது உறைக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போகிற விஷயம், விரல் நுனியில் பசையோடு ஒட்டிக்கொள்கிறது. தெரிந்து கட்டுவது, தெரியாமல் கட்டுவதைவிட மெதுவாக நடக்கும். அவ்வளவுதான் நஷ்டம்.

ஆகவே கிட் கட்டுபவர் கூச்சப்பட வேண்டியதில்லை. "கிட்தான்" என்று நேராகச் சொல்லலாம், மறைக்க வேண்டிய சங்கதி இல்லை. பெட்டி தருவது மரமும் நூலும். எந்தக் கப்பல், எந்த வருடம், என்ன நிறம், யாருடைய மரம், யாருடைய ரத்தம் என்று தேடுவது அவருடைய வேலை. அடுத்த முறை யாராவது "எல்லாம் ரெடிமேட்தானே?" என்று கேட்டால் வாதாட வேண்டாம். கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்து, கயிற்று ஏணியில் பத்தே பத்து முடிச்சு, ஒரே இழுவையில் போட்டுக் காட்டச் சொன்னால் போதும்!