மின்சார பில்லில் ‘பூஜ்யம்’: யாருக்கு, எந்தக் கணக்கில்?

ஸ்ரீரங்கப்பட்டணம்: கர்நாடக அரசின் ‘கிருஹ ஜோதி’ திட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்த வட்டாரத்தில் வாடகை வீடுகளிலும் அறைகளிலும் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர்களிடம் ஒரு தவறான எண்ணம் இன்னும் போகவில்லை. “மாதம் 200 யூனிட் வரை இலவசம், ஆகவே 200 வரை எரித்தாலும் பைசா கட்ட வேண்டாம்” என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஒரு கோடை மாதத்தில் 80 யூனிட்டுக்கு பில் வந்து நிற்கும்போது, மீட்டர் ரீடர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் மீட்டர் ரீடர் மேல் தவறு இருப்பதில்லை. 200 என்பது திட்டத்தின் உச்ச வரம்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய இலவச அளவு வேறு. அது அந்த வீட்டின் பழைய கணக்கிலிருந்து வருகிறது.

2023 மே மாதம் நடந்த சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி அறிவித்த ஐந்து வாக்குறுதிகளில் இது ஒன்று. கட்சி ஆட்சிக்கு வந்ததும் சேவா சிந்து தளத்தின் வழியாக 2023 ஜூன் 18-ம் தேதி முதல் மனுக்கள் பெறப்பட்டன. ஜூலை மாத உபயோகத்துக்குச் சலுகை தரப்பட்டு, ஆகஸ்டில் பூஜ்ய பில்கள் வந்தன. ஆகஸ்ட் 5-ம் தேதி கலபுரகியில் முதல் மந்திரி சித்தராமையா திட்டத்தை முறைப்படி தொடங்கிவைத்தார். மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் இதில் சேர்ந்தன. மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மின்சாரம் வழங்குவது மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேஸ்வரி மின் விநியோக நிறுவனம். ஆகவே இங்கு குடியிருப்பவர்கள் கையில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் பில்தான்.

அளவு எப்படி நிர்ணயமாகிறது?

2022–23 நிதியாண்டில், அதாவது 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை, ஒரு வீட்டில் மாதச் சராசரி எத்தனை யூனிட் செலவாயிற்று என்று முதலில் பார்க்கிறார்கள். அந்தச் சராசரியோடு 10 சதவீதம் கூட்டினால் வருவதே அந்த வீட்டின் இலவச அளவு. சராசரி 60 யூனிட் என்றால் இலவசம் 66. சராசரி 120 என்றால் 132. சராசரியே 200-ஐத் தாண்டியிருந்த வீட்டுக்குச் சலுகை கிடையாது.

இந்த முறையில் சிக்கனமாக இருந்தவனுக்குத்தான் நஷ்டம் என்ற குறை ஆரம்பத்திலேயே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஒரு பல்பு, ஒரு மின்விசிறி என்று ஒற்றை அறையில் 20 யூனிட்டில் காலம் தள்ளிய தொழிலாளிக்கு 10 சதவீதம் என்பது வெறும் இரண்டு யூனிட். 150 யூனிட் செலவழித்த வீட்டுக்கோ பதினைந்து யூனிட் கூடுதல். 2024 ஜனவரியில் மந்திரிசபை இதைத் திருத்தியது. சராசரி 48 யூனிட்டுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு 10 சதவீதத்துக்குப் பதிலாக 10 யூனிட் கூடுதல் என்று ஆயிற்று. 22 யூனிட்டோடு நின்ற அந்தத் தொழிலாளிக்கு அதனால் 30 யூனிட் கிடைக்கிறது. சிறிய திருத்தம்தான். ஆனாலும் திட்டத்தில் ஏழைக்கென்றே செய்யப்பட்ட மாற்றம் இது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு இல்லாத புதிய இணைப்புக்கும் புதுக் குடித்தனத்துக்கும் மாநிலச் சராசரியான 53 யூனிட்டை எடுத்துக்கொண்டு, அதோடு 10 சதவீதம் கூட்டி 58 யூனிட் என்று அரசாணை வைத்தது.

மூன்று வகை பில்

ஆகவே மாதாமாதம் வரும் பில் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். இலவச அளவுக்குள் நின்றால் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். இலவச அளவைத் தாண்டி, ஆனால் 200-க்குள் இருந்தால், மொத்த பில்லில் இருந்து உரிய அளவுக்கான தொகை கழிக்கப்பட்டு மிச்சம் மட்டும் கேட்கப்படும். 200-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மாதத்துக்குச் சலுகை முழுவதும் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்து கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025–26 ஆண்டுக்கு நிர்ணயித்த வீட்டு உபயோகக் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு. நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு 145 ரூபாய். மின்வாரிய ஊழியர்களின் பென்ஷன் கணக்குக்காக யூனிட்டுக்கு 36 காசு தனி. மின்சார விலையின் மேல் 9 சதவீதம் வரி. 66 யூனிட் இலவசம் பெற்ற வீடு 80 யூனிட் செலவழித்தால் கூடுதலான 14 யூனிட்டின் விலை 81 ரூபாய் 20 காசு. வரியும் இதர சில்லறையும் சேர்ந்தாலும் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும். இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது 200-ன் விளிம்பில். இலவச அளவு 180 உள்ள வீடு ஒன்று 200 யூனிட் செலவழித்தால், கூடுதல் 20 யூனிட்டுக்கு விலை 116 ரூபாய். அதே வீடு 201 செலவழித்தால் மின்சார விலை மட்டும் 1,165 ரூபாய் 80 காசு. ஒரு கிலோவாட் இணைப்பானால்கூட நிலைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,500 ரூபாய் வந்துவிடும். கடைசி ஒரு யூனிட்டுக்கு இத்தனை விலை. தண்ணீர் சூடாக்கும் கீஸரோ, இஸ்திரிப் பெட்டியோ மாதக் கடைசியில் செய்யும் வேலை இது.

ஊரில் சொந்த வீட்டுக்குத் தமிழ்நாடு மின்வாரிய பில் கட்டிப் பழகியவர்களுக்கு இந்த விளிம்பு புதிது. அங்கே 2016 மே 23 முதல் வீட்டு இணைப்பு எல்லாவற்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். எவ்வளவு கூடுதலாகச் செலவழித்தாலும் அந்த நூறு பறிபோகாது. அதற்காக மனு எழுதிப் போட வேண்டியதும் இல்லை. ஆனால் அங்கே கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இங்கே மாதாமாதம். ஊர்க் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கத்திய பில்லைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கன்னட எழுத்து தெரியாதவர்கள் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், பில்லின் பாதி புரிந்துவிடும். ‘சுல்க’ என்றால் கட்டணம். ‘தெரிகெ’ என்றால் வரி. ‘பாகி’ என்றால் பாக்கி. ‘சகாயதன’ என்றால் மானியம். பூஜ்ய பில்லிலும் மொத்தத் தொகை போடப்பட்டு, பிறகு மானியம் கழிக்கப்பட்டிருக்கும். மொத்தம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று இரண்டையும் பார்ப்பது நல்லது. பாக்கி என்ற இடத்தில் தொகை இருந்தால் அதற்குச் சலுகை பொருந்தாது. திட்டம் தொடங்கிய சமயத்தில் 2023 ஜூன் 30 வரையிலான பழைய பாக்கியைத் தீர்க்க மூன்று மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

கழிக்கப்பட்ட தொகை எங்கே போகிறது?

மானியம் என்று கழித்த பணத்தை மின் நிறுவனம் தன் கையிலிருந்து போடுவதில்லை. மாநில அரசு கஜானாவிலிருந்து கொடுக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தில் எவருக்காவது சலுகை தர மாநில அரசு விரும்பினால், அந்தத் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் சலுகை உத்தரவு செல்லாது; ஆணையத்தின் கட்டணமே அமலில் இருக்கும். கர்நாடகத்தில் இந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய் அளவில் செலவாகிறது. கடைத்தெருவில் சோப்பும் தீப்பெட்டியும் வாங்குகிறவன் கட்டும் வரியும் அந்தக் கஜானாவில்தான் சேருகிறது.

அரசாங்கம் வீட்டு எரிபொருளுக்குச் சலுகை தருவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பில்லிலேயே கழிப்பது. மற்றொன்று முழு விலையைக் கட்டவைத்து, பிறகு பாங்கிக் கணக்கில் திருப்பிப் போடுவது. சமையல் காஸ் விஷயத்தில் 2015 முதல் நாடு முழுவதும் இரண்டாவது வழிதான். உஜ்வலா இணைப்பு உள்ளவர்கள் சிலிண்டருக்கு முழுப் பணம் கொடுத்துவிட்டு, மானியம் கணக்கில் ஏறுவதற்குக் காத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2022–23 குளிர்காலத்தில் மின்கட்டணம் தாங்க முடியாமல் உயர்ந்தபோது, அந்நாட்டு அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுனை ஆறு மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தது. செலவழித்த யூனிட்டைப் பார்க்காமல் ஒரே தொகை. நம் தொழிலாளிக்குப் பில்லில் கழிப்பதே அனுகூலம். முன்கூட்டிக் கையிலிருந்து பணம் போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பில் அவன் கைக்கு வர வேண்டும்.

வாடகை அறையின் கதை

சலுகை மீட்டருக்குத்தான் ஏறுகிறது. அறையில் படுத்து எழுந்திருக்கும் மனிதனை அது தேடி வருவதில்லை. இந்தத் திட்டத்தில் தமிழ்த் தொழிலாளிக்குப் பெரிய விஷயம் இதுதான். ஒரு ஆதார் எண்ணை ஒரு ஆர்.ஆர். நம்பரோடுதான் இணைக்கலாம். வீட்டுக்காரருக்கு நான்கு மீட்டர் இருந்தால் அவர் பெயரில் ஒன்றுக்குத்தான் சலுகை. மற்றவற்றுக்கு அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் ஆதாரைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். வாடகை ஒப்பந்தமோ, அந்த விலாசத்துக்கான வாக்காளர் அட்டையோ காட்ட வேண்டும். தனி மீட்டர் உள்ள வீட்டில் இதில் தொல்லை இல்லை.

நான்கைந்து அறைகளை வரிசையாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர் வைத்து, உள்ளே சிறு மீட்டர்களைப் பொருத்தி, யூனிட்டுக்கு ஏழு ரூபாய், எட்டு ரூபாய் என்று வசூலிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படிப்பட்ட கட்டடத்தில் நான்கு அறைகள், அறைக்கு 45 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180. அந்த மீட்டருக்கு இலவச அளவு 187 இருந்தால் வந்த பில் பூஜ்யம். ஆனால் எட்டு ரூபாய் வீதம் அறைக்கு 360 என்று நான்கு அறைகளிலும் வசூலானால் 1,440 ரூபாய். அரசாங்கம் கொடுத்த மானியம் யார் பையில் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி என்று சொல்வது அநியாயம். பூஜ்ய பில் வந்த மாதம் கரண்டு காசு வாங்காதவர்களும் உண்டு. கேள்வி கேட்டால்தானே தெரியும்!

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரே மீட்டரில் அறைகள் கூடக் கூட 200 என்ற கோடு சீக்கிரம் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் வீட்டுக்காரருக்கும் சலுகை இல்லை, குடித்தனக்காரருக்கும் இல்லை. ஆறு பேர் சிக்கனமாக வாழ்ந்தும், மீட்டரின் கண்ணுக்கு அது ஒரு பெரிய வீடு. கடை, லாட்ஜ் போன்ற வர்த்தக இணைப்புகளுக்குத் திட்டமே பொருந்தாது. ஆகவே அறை பிடிக்கும்போது அட்வான்ஸ், வாடகை, தண்ணீர் பற்றிக் கேட்பதோடு, மீட்டர் தனியா, பொதுவா, வீட்டு இணைப்பா, வர்த்தக இணைப்பா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்க வெட்கப்படுபவர்கள் மாதம் முன்னூறு, நானூறு ரூபாயை விட்டுக்கொடுக்கிறார்கள்.

அறை மாறும்போது மற்றொரு சிக்கல் வரும். பழைய வீட்டின் ஆர்.ஆர். நம்பரோடு ஆதார் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிரிக்காமல் புது வீட்டுக்குச் சலுகை கேட்க முடியாது. தொடக்கத்தில் இதற்கு வழி இல்லாமல் பலர் அலைந்தார்கள். 2024-ல் சேவா சிந்து தளத்திலேயே பழைய இணைப்பை விடுவிக்கும் வசதி வந்தது. வேலை மாறி மைசூருக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள், சாமான் கட்டும் அன்றே இதையும் முடித்துவிட்டால் அடுத்த குடித்தனக்காரருக்கும் உபகாரம்.

இந்த மாவட்டத்து மின்சாரத்தோடு தமிழர்களுக்கு உள்ள உறவு இந்தத் திட்டத்தால் வந்ததல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தீவாகச் சுற்றி ஓடும் காவேரி, கீழே சிவசமுத்திரத்தில் விழும் இடத்தில் 1902-ல் நீர்மின் நிலையம் ஏற்பட்டது. அங்கே உற்பத்தியான மின்சாரம் முதலில் போன இடம் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு வெளிச்சம் வந்ததே 1905-ல்தான்.

பில்லில் தவறு இருப்பதாகத் தோன்றினால், முதலில் மீட்டரின் இந்த மாத அளவையும் போன மாத அளவையும் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு, அந்த ஆர்.ஆர். நம்பருக்கு உரிய இலவச அளவு எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டும். மின் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்திலும் கேட்கலாம். 1912 என்ற டெலிபோன் எண்ணிலும் புகார் சொல்லலாம். பேசும்போது ஆர்.ஆர். நம்பர் கையில் இருக்க வேண்டும். அது பில்லிலேயே அச்சாகியிருக்கிறது.