சத்திரசிகிச்சையோடு முடியாத பொறுப்பு

நீலம் பாரித்துப் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் குழந்தையைக் கொழும்புக்கு அனுப்பி, பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இதய சத்திரசிகிச்சை செய்து, ஒரு சதமும் வாங்காமல் தாயின் கையில் கொடுக்கிற நாடு இது. இலங்கையின் இலவச மருத்துவம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அதே பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அதன் இதயத்தைக் கவனிக்க வேண்டியவர் யார்? மலையகத்தில் இதற்குத் தெளிவான பதில் இல்லை.

பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் வெட்டி உரிய இடத்தில் பொருத்தும் சிகிச்சையை 1975இல் பிரேசிலின் அடிப் ஜடேன் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். அப்போது இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகளையும், அதாவது கொரனரி நாடிகளையும், பெயர்த்துப் புதிய இடத்தில் தைக்க வேண்டும். பச்சைக் குழந்தையில் அவற்றின் அகலம் ஓரிரு மில்லிமீற்றர்தான். பிள்ளை வளர வளர, தைத்த இடம் சுருங்கலாம்; நாடி இழுபடலாம், மடியலாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி நேர்வதில்லை. நேர்கிற சிலருக்கு அது வெளியே தெரியாமல் வளர்வதுதான் ஆபத்து. சத்திரசிகிச்சையில் இதயத்தின் நரம்புகளும் அறுபடுவதால், எச்சரிக்க வேண்டிய நெஞ்சுவலி வராமலே போகலாம். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியும் எக்கோவும் சரியாகவே இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்தச் சிகிச்சை பெற்று அறிகுறியே இல்லாமல் இருக்கும் பெரியவர்களுக்கும் முடியுரு நாடிகளைப் படமெடுத்துப் பார்ப்பது பொருத்தமானது என்கிறது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கொழும்பு கிளினிக்குக்குப் போவதென்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. கிளினிக் துண்டில் எழுதியிருப்பது ஆங்கிலம். வைத்தியசாலையில் பேசுவது பெரும்பாலும் சிங்களம். பிள்ளையோ ஓடியாடித் திரிகிறது. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஒரு தவணை தவறும், பிறகு அடுத்ததும் தவறும். பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் வயதில், தனக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதே அந்த இளைஞனுக்குத் தெரியாது. இதைப் பெற்றோரின் அசட்டை என்று சொல்வது அநியாயம்.

வளம் இல்லாத நாட்டில் இவர்களைத் தொடர்ந்து கவனிக்க முடியுமா என்று கேட்கலாம். தடுப்பூசி தவறிய குழந்தையைத் தேடித் தோட்டத்து லயம் வரை வரும் குடும்பநல மாது இந்த நாட்டில்தான் இருக்கிறார். தேடிப்போய்க் கவனிக்கும் அந்தப் பழக்கத்தை இதயப் பிள்ளைகளுக்கும் நீட்டுவதே தேவை. அவர்களின் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையிலும் இருக்கட்டும். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட ஆதார வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. குறித்த நாட்களில் இதய வைத்திய நிபுணர் இந்த இரு இடங்களுக்கும் வந்து பார்த்தால், உழைப்புச் சோதனையோ சிடி ஸ்கேனோ தேவைப்படுகிறவர்கள் மட்டும் கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் போதும். கிளினிக் நாளுக்குரிய பேரை வெட்டாதிருக்கத் தோட்ட நிர்வாகங்கள் உடன்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை நிர்வாகங்களுடனான பேச்சில் வைக்க வேண்டும்.

செலவே இல்லாத வேலையும் ஒன்று உண்டு. என்ன சிகிச்சை நடந்தது, முடியுரு நாடி பெயர்க்கப்பட்டதா, அடுத்த பரிசோதனை எப்போது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளை வளர்ந்ததும் அதைப் பிள்ளையிடமே விளக்க வேண்டும். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உயிரைக் காத்த அரசு, அந்த உயிர் நாற்பது, ஐம்பது வயதைக் காணவும் பொறுப்பேற்க வேண்டும். கொழும்பில் பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் தொடர்கண்காணிப்பு கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கும் கிடைக்கும்போதுதான் அந்தச் சத்திரசிகிச்சை முழுமை பெறும்.