மூட்டையை இறக்காமல் முதுகுக்குப் பயிற்சியா?

பேஸ்புக்கைத் திறந்தால் இப்ப இதுதான். ட்ரோமா கோச், லைஃப் கோச், மைண்ட்செட் கோச். “கடந்த காலத்தை விட்டு வெளியே வாருங்கள்”, “உங்கள் மனமே உங்கள் பலம்”, “மீண்டெழுங்கள்”. சூமில் சில அமர்வுகள், கடைசியில் ஒரு சான்றிதழ். மனக்காயம் பட்டவர் ஒரு கோச்சோடு சேர்ந்து உழைத்தால் தேறலாம், முன்னரை விட உறுதியாகவும் வரலாம் என்பது வாக்குறுதி. இந்த வாக்குறுதியை வாவிக்கு அங்கால, வவுணதீவுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேசம். வயலும் மாடும் வாவி மீனும்தான் சனத்தின் சீவியம். போர்க்காலத்தில் வவுணதீவில் இராணுவ முகாம். அதைத் தாண்டிப் போனால் இயக்கத்தின் கட்டுப்பாடு. ஆஸ்பத்திரிக்கு வருவதென்றாலும் சோதனைச்சாவடியைக் கடந்துதான் வர வேண்டும். அதே படுவான்கரையில்தான் 1987 கொக்கட்டிச்சோலைப் படுகொலையும் 1991 மகிழடித்தீவுப் படுகொலையும் நடந்தன. 2007 மார்ச்சில் செல்லடிக்குப் பயந்து ஊர் ஊராகச் சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடி வந்தது.

சரி, இதெல்லாம் “கடந்த காலம்” என்று கோச் சொல்லுவார். அப்படியென்றால் 2018க்கு வருவோம்.

2018 நவம்பர் 30 அன்று வவுணதீவுச் சோதனைச்சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். மாவீரர் நாள் முடிந்து மூன்றே நாள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகுதான், அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. செய்யாத கொலைக்காக ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த மனிதர் மே மாதம் விடுதலையானார்.

இப்ப கேட்கிறேன். அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டுக்கு எந்த மூச்சுப்பயிற்சியைப் பரிந்துரைத்திருப்பீர்கள்? 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேர் அரசாங்கத்தின் ‘புனர்வாழ்வு’ முகாம்களுக்குள்ளால் வந்தவர்கள். ‘உங்கட மனதை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும்’ என்பதுதான் அவர்களுக்கும் சொல்லப்பட்டது. அப்படி ஒருவர் இரவில் வாகனச் சத்தம் கேட்டு எழும்பி உட்காருகிறார் என்று வைப்போம். அது வருத்தமா, அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடமா? 2018 டிசம்பரில் படுவான்கரையில் நெஞ்சு இடிக்காமல் நித்திரை கொண்ட முன்னாள் போராளி இருந்திருந்தால் அவரைத்தான் டொக்டரிடம் காட்டியிருக்க வேண்டும்!

இது என்ர கோபம் மட்டுமில்லை. மனவடு பற்றி உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய புத்தகத்தில் மீட்சிக்கு மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலாவது பாதுகாப்பு. அதற்குப் பிறகுதான் நடந்ததை நினைத்து அழுவது. அதற்கும் பிறகு மற்றவர்களோடு திரும்ப இணைவது. முதலாவது படி இல்லாமல் இரண்டாவதில் கால் வைத்தால் ஆள் விழுவார். வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவர்கள் நிற்காதவரைக்கும் பாதுகாப்பு என்ற அந்த முதல் படியை எந்தக் கோச்சாலும் கட்டித்தர ஏலாது. அதைக் கட்ட வேண்டியது அரசு. அரசிடம் கேட்க வேண்டியதைக் காயப்பட்டவரிடமே கேட்பதைத்தான் இங்கே ‘ரெசிலியன்ஸ்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

நாங்கள் இந்த வியாபாரத்தை முதல்தரமாகப் பார்க்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உளவளத்துணைக் குழுக்கள் கிழக்குக் கரை முழுக்க வந்து இறங்கின. சில பேருக்குப் பாஷை தெரியாது, யார் எந்த ஊர், எந்தச் சமூகம் என்றும் தெரியாது. அந்தக் கதையை ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். அதில் வரும் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வு முக்கியமானது. மேற்கத்தைய கேள்விப்பத்திரம் ஒருவரின் தலைக்குள் என்ன குழம்பியிருக்கு என்று தேடுகிறது. இலங்கைச் சனமோ தங்கட பாதிப்பை உறவுகளில் பார்க்கிறது: குடும்பத்தில் என் இடம் போய்விட்டது, ஊரில் என் கடமையைச் செய்ய முடியவில்லை. காயம் உறவில் பட்டிருக்க, கோச் ஒருவரைத் தனியாகக் கதவை மூடி உட்கார வைத்து ‘உனக்குள் பார்’ என்றால் அவர் எதைப் பார்ப்பது?

ஒரே அமர்வில் நடந்ததைக் கொட்ட வைத்து ‘விடுவிக்கும்’ முறையும் அப்போது வந்தது. அது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி அதைச் செய்யாதே என்றே எழுதியது. அதே வழிகாட்டி உளநல உதவியை ஒரு கூம்பாக வரைகிறது. அடியில் பாதுகாப்பும் சோறும் கூரையும். அதற்கு மேல் குடும்பமும் ஊரும். அதற்கு மேல் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களின் துணை. உச்சியில் மட்டும்தான் வைத்திய நிபுணர். எங்கட ஊரில் அடித்தளம் இல்லாமல் மூன்றாம் மாடிக்கு வர்ணம் பூசுகிறார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் போய் “குளோஷர்”, “மூவ் ஒன்” என்று கதைக்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயிரோடா இல்லையா என்று தெரியாத இழப்புக்கு முடிவு கிடையாது என்று, அந்தத் துறையிலேயே வாழ்நாள் முழுக்க வேலை செய்த போலின் பாஸ் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பில் வாய் திறக்கவே பயந்த காலத்தில் தாய்மார் எங்கே போனார்கள்? அம்மன் கோயிலுக்கு. தெய்வம் ஏறியவரிடம் “என்ர பிள்ளை இருக்கா?” என்று வாக்குக் கேட்டார்கள். மானிடவியலாளர் பெட்ரீஷியா லோரன்ஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். மூடநம்பிக்கை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வேறு எங்கேயும் கேட்க முடியாத கேள்வியை அங்கே ஒரு தாய் ஊருக்கு முன்னால் சத்தமாகக் கேட்டாள். “மறந்திடு மகள்” என்று ஒருவரும் அவளை அனுப்பி வைக்கவில்லை. வைகாசிச் சடங்கில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர்கள் இவை. அநியாயத்தால் எரிந்த ஒருத்தியின் நெஞ்சைக் குளிர வைப்பது ஊர் கூடிச் செய்யும் வேலை என்று இந்த மண்ணுக்கு ஏற்கெனவே தெரியும்.

அப்ப கோச்சே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பட்டம் இல்லாத ஆட்களும் நல்லாப் பயிற்றப்பட்டால் பெரிய துணை என்பதற்குச் சான்று இருக்கு. சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு வாங்கு’ திட்டத்தில், கிளினிக் முற்றத்தில் மர வாங்கில் இருந்து கதை கேட்பவர்கள் அந்த ஊர் அம்மம்மாமார். அவர்கள் மனச்சோர்வு என்ற சொல்லைப் பாவிப்பதில்லை; அங்கத்தைய பாஷையில் ‘கூட யோசிக்கிறது’ என்கிறார்கள். எங்கட சனமும் அப்படித்தானே சொல்லும், “சரியான யோசனை மனே” என்று. 2016இல் வந்த ஆய்வு அந்த வாங்கு வேலை செய்கிறது என்று காட்டியது. அந்த அம்மம்மாமார் பிரச்சினையைப் பட்டியல் போட்டு, ஒன்றை எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். கடன் பிரச்சினை என்றால் கடனைப் பற்றியே கதைக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1996இல் மட்டக்களப்பிலேயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து நடத்திய அந்த இடத்தில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில்! ‘உன் காயத்தைச் சொல்’ என்று பிள்ளையை நெருக்காமல், பல மாதங்கள் கூடவே இருந்தார்கள்.

ஆகவே உங்கள் இளைஞர் கழகத்துக்கு அடுத்தமுறை ஒரு கோச் வந்தால் இவற்றைக் கேளுங்கள். யாரிடம் பயின்றீர்கள், இப்பவும் உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் எங்கே அனுப்புவீர்கள்? சொன்ன கதை உங்கட அடுத்த வீடியோவில் வருமா? மூன்று மாதம் கழித்தும் இருப்பீர்களா? பிள்ளையைத் தேடும் தாய் போராட்டப் பந்தலுக்குப் போகிறேன் என்றால் ‘நெகட்டிவ்’ என்பீர்களா, கூடப் போவீர்களா? பதில் தடுமாறினால் மண்டபத் திறப்பைக் கொடுக்காதீர்கள். கோச் என்று பெயர்ப்பலகை போட இங்கே எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. வடிகட்டும் வேலை உங்கட கையில்தான் இருக்கு.

காசு கொடுக்காமல் கிடைக்கிற உதவியையும் ஆட்களுக்குச் சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கு. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறவரை ‘விசர்’ என்று நக்கல் அடிக்கிற வாய்கள் எங்கட கழகங்களுக்குள்ளும் இருக்கு. முதலில் அதை நிறுத்துவோம். பிறகு, படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வந்து, யானை இறங்குவதற்கு முன்னர் வீடு போய்ச் சேர பஸ் இருக்கா என்று பார்ப்போம். இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தில் முதல் கையெழுத்தை அந்தக் கோச்சிடம் வாங்குங்கள்.