எப்போது உயர்த்துவது?

இணையவழி போக்கர் சூதாட்டத்தில் புதிதாக நுழைபவர், பந்தயத் தொகையை எப்போது உயர்த்தலாம்? இந்தக் கேள்விக்கு அந்த ஆட்டத்தில் ஊறித் திளைத்தவர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ரூ.1,000 கட்டி அமரும் மேசையில் ஆட வேண்டுமானால், இழந்தாலும் குடும்பம் பாதிக்கப்படாத பணமாக ரூ.20,000 முதல் ரூ.30,000 வரை தனியே இருக்க வேண்டும்; பல ஆயிரம் ஆட்டங்களின் வரவு - செலவுக் கணக்கு லாபத்தைக் காட்ட வேண்டும்; தோற்கத் தொடங்கினால், கௌரவம் பார்க்காமல் சிறிய தொகைக்கே இறங்கிவிட வேண்டும்.

அறிவுரையில் தவறில்லை. ஆனால், அதைக் கடைப்பிடிக்கும் நிதானம் புதியவருக்கு இருப்பதில்லை. நான்கு நாள்கள் நல்ல சீட்டு விழுந்தால் அதைத் தனது திறமை என்று நம்பித் தொகையை உயர்த்துகிறார். தோற்றாலோ, விட்டதைப் பிடிக்க உயர்த்துகிறார். ஏறிய மேசையில் எதிரே அமர்ந்திருப்பவரோ அவரைவிடத் தேர்ந்தவர். போதாக்குறைக்கு, பந்தயத்தில் சேரும் தொகையில் ஒரு பங்கை ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஆடுபவர்கள் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிஞ்சுவது நஷ்டம் மட்டுமே.

போக்கர் திறமை சார்ந்த ஆட்டம் என்கிற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாமல் இல்லை. தமிழக அரசு இயற்றிய தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், ஒரு சிலரின் திறமை, புதியவரின் பணப்பைக்குப் பாதுகாப்பாகிவிடாது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும், எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே விரிவான விவாதமின்றி அது நிறைவேறியது. நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை; அவர் பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். இது சரியான அணுகுமுறை.

ஆனால், சட்டத்தால் மட்டும் ஆசை அடங்கிவிடாது. உள்நாட்டுக் கடையை மூடினால், வெளிநாட்டிலிருந்து இயங்கும் கடைகள் செல்பேசியில் திறந்துகொள்ளும். அவற்றுக்குப் பணம் செல்லும் வழிகளை வங்கிகள் அடைக்க வேண்டும். சூதுக்கு அடிமையானவர்களுக்கு, மதுவுக்கு அடிமையானவர்களுக்கு அளிப்பதைப்போல, அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் நடைபெறாத விவாதம் வீடுகளிலும் கல்லூரிகளிலுமாவது நடைபெற வேண்டும்.

பந்தயத்தை எப்போது உயர்த்துவது என்று புதியவர் கேட்கத் தொடங்கும்போதே ஆட்டம் அவரைப் பிடித்துவிட்டது. அப்போது அவர் செய்ய வேண்டியது, தொகையை உயர்த்துவதல்ல, எழுந்து வெளியேறுவது!